வெட்டக் கூடாத பாசி

வாண்டோ,
ஏப்ரல் 9, புதன் காலை

அன்புள்ள நாரேவுக்கு,

சித்தி எழுதுகிறேன். முதலில் எழுதுவதற்கே மன்னித்துக்கொள். யாரும் கேட்காமல் கடிதம் எழுதுகிறவள் இல்லை நான். நீ வெளிநாடு போன இந்த ஆறு வருடத்தில் உனக்கென்று நான் எழுதியதெல்லாம் பார்சல் பெட்டிகளின் மேல் உன் முகவரி மட்டும்தான். போனில் பேசலாம் என்றால் உன் மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார், மெசேஜ் எழுதலாம் என்றால் மூன்று வரி எழுதி இரண்டு வரியை அழித்துவிடுகிறேன். பேனாவால் எழுதினால் அழிக்க முடியாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன். சுகாதார நிலைய லேபில் இன்று லீவு சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், அங்கே இன்னும் விடிந்திருக்காது, நீ எழும்போது போனில் இருக்கும். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படி, ஆனால் கடைசிவரை படி. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் குழந்தையும் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. சுகமில்லை என்று எனக்குத் தெரிகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே நீயும் குழந்தை தான்பியும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துத் தைராய்டு பார்க்க வேண்டும். அடுத்த வாரம் இல்லை, ஈஸ்டர் விடுமுறை முடிந்த பிறகு இல்லை, இன்றைக்கு. உனக்குக்கூட இரண்டு நாள் பொறுக்கலாம், குழந்தைக்குப் பொறுக்க முடியாது. ஏழு வாரக் குழந்தையின் மூளை வளர்வதற்குத் தொண்டையில் இருக்கிற அந்தச் சின்னச் சுரப்பி சரியாகச் சுரக்க வேண்டும். அது குறைந்து போகிற ஒவ்வொரு நாளும் போனது போனதுதான், பிறகு வாங்கிக் கொடுக்க முடியாது. சின்னப் பெண்ணை இப்படிப் பயமுறுத்தலாமா என்று உன் அப்பா கேட்டார். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது உன் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தார், நான் வழக்கம்போல் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும். உன் கண்ணிமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. உன் மாமியார் அரைக்கைச் சட்டையில் நடமாடிக்கொண்டிருந்தார், நீ அதே அறையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போர்வைக்குள் இருந்தாய். உன் குரல் தொண்டைக்குள் துணி வைத்த மாதிரி கனத்து வந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீ காத்திருந்தாய், நீ, ஒரு மூச்சில் நாலு கதை சொல்கிற நீ. முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று சீப்பைக் காட்டிச் சிரித்தாய். பிறகு தான்பியைக் காட்டினாய். அவள் கன்னத்தில் இன்னும் மஞ்சள் இருக்கிறது நாரே. ஏழு வாரத்தில் அது இருக்கக் கூடாது. தொப்புள் பிதுங்கியிருக்கிறது, நாக்கு நுனி வெளியே தெரிகிறது. பால் கொடுக்க நீ எழுப்பினாய், எழவில்லை. பாதத்தில் சுண்டினாய், முகத்தைச் சுளித்து ஒரு சத்தம் போட்டாள், எண்ணெய் போடாத கீல் மாதிரி ஒரு கரகரப்பு, உடனே மறுபடி தூங்கிவிட்டாள். உன் மாமியார் பின்னாலிருந்து, "இவள மாதிரி சாதுவான புள்ளைய நான் பாத்ததே இல்ல சம்பந்தி, நாமளா எழுப்பினாத்தான் பாலு, ராவெல்லாம் ஒரு சத்தம் கிடையாது, மகராசி" என்றார். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, "எங்க ரத்தம்ங்க, நாரேயும் பொறந்தப்போ பூனைக்குட்டி மாதிரி தூங்குவா" என்றார். பச்சைப் பொய். நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வருவதற்கு வெகு காலம் முன்பு, நீ பிறந்த வருடம் இந்தத் தெருவில் ஒருவரையும் தூங்க விடவில்லை என்று பக்கத்து வீட்டு ஒக்பூன் அக்கா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

சாது, சாது, சாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெண் குழந்தை அழாமல், கேட்காமல், கிடந்த இடத்தில் கிடந்தால் அதற்கு நல்ல பெயர். என்னையும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் பார்த்துவிட்டு என் வாயிலிருந்து வந்தது ஒரே வரி, "ரத்தம் ஒரு தடவை பாத்துடலாமா." உன் மாமியார், "பொறந்த மூணாம் நாளே குதிகால்ல குத்தி எடுத்தாங்களே, எல்லாம் சரின்னு சொல்லிட்டாங்களே" என்றார். உன் அப்பா, "கேட்டியா? இவளுக்கு லேபுலயே இருந்து இருந்து மனுசங்களப் பாத்தாலே டியூப்பாத் தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் மூன்றாம் நாளைத்தான் சொல்லும். அதற்குப் பிறகு நீ குடித்த கடற்பாசி சூப்பை அது எப்படிச் சொல்லும்? அப்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ முந்திக்கொண்டாய். "சித்தி, இதெல்லாம் சகஜம், புள்ள பெத்தாத்தான் தெரியும்" என்றாய். நான் சமையலறைக்குப் போய் ஏற்கனவே கழுவிய கிண்ணங்களை மறுபடி கழுவினேன்.

பாசி சூப்பை நான் பழிக்கவில்லை. பிரசவித்தவள் குடிக்க வேண்டியதுதான், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நாமும்தான் குடிக்கிறோம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. என் கோபமெல்லாம் அளவின் மேல்தான். உன் மாமியார் கிஜாங்கிலிருந்து இரண்டு பெட்டி நிறையப் பாசியோடு விமானம் ஏறினார். ஏறுவதற்கு முன் உன் அப்பாவுக்குப் போன் செய்து, "பிரசவத்துக்கு எங்க ஊர்ப் பாசிதான் சம்பந்தி, அலையில அடிபட்டு வளர்ந்தது, தப்பா நினைக்காதீங்க, உங்க வாண்டோ பாசி சிப்பிக்குத் தீனி போடத்தான் லாயக்கு" என்றார். நாற்பது வருடமாகப் பாசி வளர்க்கிற மனிதரிடம்! அவர் மூன்று நாள் சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம், "சிப்பித் தீனியாம்ல, சிப்பித் தீனி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள், நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்த கோடையில் அவரே இறங்குநீரில் பாறையிலிருந்து அறுத்துக் காயவைத்திருந்த நீளப் பாசியை எடுத்துப் பெட்டி கட்டி உனக்கு அனுப்பினார். அதன்பின் காலையும் மதியமும் கிஜாங், மாலையில் வாண்டோ, நடுவில் பசித்தால் எது கிடைக்கிறதோ அது. ஒரு பக்கமும் மனம் கோணக் கூடாது என்று நீ ஒரு நாளைக்கு ஐந்து கிண்ணம் குடித்தாய். பிள்ளை பெற்ற உடம்போடு இரண்டு கடலுக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாய். ஏன் நாரே, உனக்கு வாய் இல்லையா? இருக்கிறது, எனக்குத் தெரியும், என்னிடம் மட்டும் நன்றாகத் திறக்கும்.

அந்தச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும், அது பாசியில் இருக்கிறது, அதுவரை சரி. ஆனால் அளவு கட்டுக்கடங்காமல் போனால் அது என்ன செய்யும் தெரியுமா? ஜூன் மாதத்தில் நம் ஏலக்கூடத்தில் தாசிமா, அந்தத் தடித்த பாசி, மலைபோல் வந்து குவிந்தால் என்ன செய்கிறார்கள்? ஷட்டரை இறக்கிவிட்டு, இன்றைக்கு இனி எடை போட முடியாது என்று போய்விடுகிறார்கள் இல்லையா? அப்படித்தான். நிறைய அயோடின் வந்து விழுந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். நன்றாக இருப்பவர்களுக்குச் சில நாளில் ஷட்டர் தானாக ஏறிவிடும். சிலருக்கு ஏறாது, பிரசவித்தவர்களில் அப்படிச் சிலர் உண்டு. பச்சைக் குழந்தைக்கு ஏற்றத் தெரியவே தெரியாது. உன் பாலில் அது அவளுக்கும் போகிறது. நீ ஐந்து கிண்ணம் குடித்தால் அவளும் குடிக்கிறாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது வாரம் நீ போன் செய்து ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது, சாப்பிட்டதெல்லாம் நெஞ்சிலேயே நிற்கிறது என்றாய். உன் மாமியார், "இன்னும் ரெண்டு கரண்டி பாசியச் சேத்துப் போடு, வழுக்கிட்டுப் போயிடும்" என்றார். அங்கே டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும், தண்ணீர் குடி என்றார். உன் அப்பா மகளுக்குக் கஷ்டம் என்றதும் ஓடிப் போய், தன் கையால் அரைத்துப் பிடித்த தாசிமா உருண்டைகளை ஒரு ஜாடி நிறைய எடுத்துவந்தார், மிளகளவு, கருப்பு, காலையில் இருபது மாலையில் இருபது. நம் ஊரில் மலச்சிக்கல் என்று யார் சொன்னாலும் கை அந்த ஜாடிக்குத்தானே போகிறது. ஆனால் உன் குடல் நின்றது நார் போதாமல் இல்லை. தைராய்டு இறங்கினால் உடம்பில் எல்லாமே மெதுவாகிவிடும், இதயம், குடல், தோல், நினைப்பு, எல்லாம். அதைக் குடலின் நோய் என்று நினைத்து நாங்கள் தாசிமா அனுப்பினோம். சூப்பில் போடுகிற பாசியைவிட அதில் அயோடின் பல மடங்கு. அதைத் தின்று சுரப்பி இன்னும் இறங்கியது, குடல் இன்னும் நின்றது, நீ இன்னும் உருண்டை தின்றாய். இரண்டாவது ஜாடியும் கேட்டாய். அதையும் அனுப்பினோம்.

அனுப்பினோம் என்று எழுதுகிறேன், பார். உன் அப்பாவுக்குத் தெரியாது, உன் மாமியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துத் தீவிலிருந்து ஒரு பெண் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள், பிரசவமாகி மூன்று மாதம். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தாள், இரைப்பைக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து தின்று தின்று அலுத்துப் போய், கடைசியில் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தைராய்டைச் சொல்கிற அவளுடைய டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்துவிட்டு மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாம் முறை ஓட்டினேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. தாசிமா உருண்டை ஜாடி அவள் பைக்குள்ளேயே இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த நான், நம் பாசிக் கொட்டகையில், வேலை செய்கிற பெண்களுக்கு நடுவே, உன் ஜாடியைப் பெட்டிக்குள் வைக்கும்போது, "கொஞ்சம் குறைச்சலா அனுப்பலாமே" என்றுதான் சொன்னேன். ஒக்பூன் அக்கா, "மலைக்காரிக்குக் கடலப் பத்தி என்னத்தத் தெரியும், நிலக்கரிய வேகவெச்சுக் குடிச்சு வளந்தவ" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டேப் ஒட்டினேன். முகவரியை எழுதியதும் நான்தான், ஏனென்றால் இந்த வீட்டில் ஆங்கில எழுத்து அழகாக வருவது எனக்கு மட்டும். என் அப்பா சுரங்கத்தில் மூச்சைக் கொடுத்து எங்கள் குடும்பத்தில் ஒருத்தியைக் கல்லூரிக்கு அனுப்பினார், அவள் அங்கே படித்ததை வைத்து ஒரு பெட்டிக்கு முகவரி எழுதினாள். உன் மாமியார் மேலும் உன் அப்பா மேலும் எனக்கு இருக்கிற கோபம், என் மேலேயே எனக்கு இருக்கிற கோபத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். பிள்ளை பெற்றால்தான் தெரியும் என்றாய். எனக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை, நீ குவாங்ஜுவில் படித்துக்கொண்டிருந்த வருடங்களில். உனக்குச் சொல்லவில்லை, அப்போது நாம் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. இரண்டு முறையும் உன் அப்பாதான் அடுப்படியில் நின்று பாசி சூப் வைத்துக் கொடுத்தார், உப்பு அதிகம், நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்தச் சூப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குத்துவதற்கும்தான். என்னைவிட ஒன்பதே வயது சின்னவள் நீ, என்னை நீ எப்படி வேண்டுமானாலும் பேசு, ஆனால் நான் பிள்ளை பெறாதவள் என்பதை உன் பிள்ளையின் ரத்தப் பரிசோதனைக்கு நடுவே கொண்டுவந்து வைக்காதே.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று உனக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து உனக்கு மூன்று மெசேஜ் அனுப்பினேன், நீ சிரிக்கிற கரடி படம் ஒன்றை அனுப்பினாய். வேலை முடிந்து கொட்டகைக்குப் போனால் உன் அப்பா இன்னொரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நீளப் பெட்டி, மடக்காமல் படுக்கவைக்க அவரே அட்டையை ஒட்டிச் செய்தது, தபால் ஆபீசில் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டு ஏற்றுகிறாரே, அது. வைக்கோல் கயிற்றால் கட்டிய கடைசிக் கட்டு, பக்கத்தில் தாசிமா ஜாடி. "அனுப்பாதீங்க" என்றேன். அவர் நிமிரவில்லை. "நாரேக்கு ஆகல, குழந்தைக்கும் ஆகல, அனுப்பாதீங்க" என்றேன். "இந்தத் தீவுல புள்ள பெத்தவளுக அத்தன பேரையும் எழுப்பி நிக்க வெச்சது இந்தப் பாசிதான். உன் மிஷினுக்கு வயசு என்ன?" என்றார். பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். சணல் வெட்டுகிற கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தேன், கட்டின் நடுவில் வைத்தேன், வெட்டினேன். ஒரே வெட்டில் வரவில்லை, காய்ந்த பாசி உனக்குத் தெரியுமே, மூன்று நான்கு முறை நெரித்து வெட்ட வேண்டியிருந்தது. பிரசவத்துக்குப் போகிற பாசியை மடக்கவே மடக்க மாட்டார்கள், விலை பேசக்கூட மாட்டார்கள், நான் அதை இரண்டாக்கிவிட்டேன். ஒக்பூன் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு, "அடிப்பாவி, பிரசவப் பாசியாச்சேடி, தாய்க்கு ஆகாதே" என்றார். "தாய்க்கு ஆகாதுன்னுதான் வெட்டினேன்" என்றேன். அந்தக் கொட்டகையில் நான் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கடிதம் எழுதுகிற இந்த நிமிடம்வரை அதற்காக நான் வருத்தப்படவில்லை.

உன் அப்பா அன்றும் மறுநாள் பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. தனியாகச் சாப்பிட்டார், நாயோடு பேசினார். நேற்று மாலை சாப்பாட்டுக்குப் பிறகு நான் போனை அவர் முன்னால் வைத்தேன். எண்களைச் சொன்னால் கேட்க மாட்டார், அதனால் எண் எதுவும் சொல்லவில்லை. தான்பி பிறந்த ஐந்தாம் நாள் நீ அனுப்பிய வீடியோவைப் போட்டேன், துணி மாற்றும்போது வீடு இடிகிற மாதிரி கத்துகிறாளே, அது. பிறகு போன சனிக்கிழமை அனுப்பிய குளிப்பாட்டுகிற வீடியோவைப் போட்டேன். அவருக்குக் காதுதானே எல்லாம், படகுத்துறைக்கு வராமலே வீட்டில் உட்கார்ந்து யாருடைய படகு வருகிறது, எந்த சிலிண்டர் அடைத்திருக்கிறது என்று சொல்கிறவர். படத்தைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதையும் இதையும் மாற்றி மாற்றி நாலு தடவை கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ஜின் இறங்கியிருக்கு" என்றார். கவிழ்த்த போனை மறுபடி நிமிர்த்தி, "எப்பலேர்ந்து?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். பெட்டியைப் பிரித்து, வெட்டிய இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நானா அனுப்பினேன்?" என்று கேட்டார். "நாம அனுப்பினோம்" என்றேன். அப்போதே அவர் உனக்குப் போன் செய்தார், உன் மாமியார் எடுத்து, நீ தூங்குகிறாய், குழந்தையும் தூங்குகிறாள், இரண்டும் சாதுவாகத் தூங்குகிறது, நாளைக்குப் பேசுங்கள் சம்பந்தி என்று வைத்துவிட்டார். நண்பகலில் தூக்கம், உங்கள் ஊரில் அப்போது நண்பகல். அதன் பிறகு இனிக் காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை கீஹோவுக்கு ஷிஃப்ட் தொடங்கும் முன் உன் அப்பா போன் செய்வார். கீஹோ இன்றைக்கு வேலைக்குப் போகப்போவதில்லை, கார் ஓட்டப்போகிறான், அவ்வளவுதான். முடியாது என்றால் என்னிடம் பேசச் சொல்.

பாசி சூப்பை இந்தக் காலையிலிருந்து நிறுத்து. உருண்டைகளையும். உன் மாமியார் குழம்புக்குப் போடுகிற பொடியிலும் தாசிமா இருக்கிறது, அதையும். முள்ளங்கியும் மாட்டிறைச்சியும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடி, முட்டை சாப்பிடு, அதுவும் சூப்தான், அதைக் குடித்தும் பிள்ளை பெற்றவர்கள் எழுந்து நடந்திருக்கிறார்கள். ஜாடியைத் தூக்கி எறியாதே, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வை. ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம், எத்தனை உருண்டை, எத்தனை வாரம் என்று தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி அதையும் படம் எடுத்திருக்கிறேன். என் ஆங்கிலம் சுமார், அளவுகள் சரியாக இருக்கும், நீ வெட்கப்பட்டு ஒரு கிண்ணம்கூடக் குறைத்துச் சொல்லாதே. மூன்றாம் நாள் பரிசோதனை சரியாக இருந்தது என்று அங்கேயும் யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், அதற்குப் பிறகுதான் இதெல்லாம் சாப்பிட்டேன், இன்றைக்கு மறுபடி பாருங்கள் என்று சொல்லி நாற்காலியை விட்டு எழாமல் உட்கார். பால் கொடுப்பதை நீயாக நிறுத்தாதே, டாக்டரைக் கேள். குழந்தைக்கு மாத்திரை கொடுத்தால் நசுக்கிக் கொஞ்சம் பாலில் கரைத்துக் கரண்டியால் கொடு, புட்டிப் பாலில் கலக்காதே, மீதி வைத்துவிடுவாள். உனக்குக் கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில் போடு, இரும்புச்சத்து மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளிப் போடு. நான் டாக்டர் இல்லை, டியூப்பைப் பார்க்கிறவள். நான் நினைத்தது தப்பாக இருந்தால் கிஜாங்வரை நடந்துபோய் உன் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், சந்தோஷமாகக் கேட்கிறேன். சரியாக இருந்தால், இப்போதே பிடித்துவிட்டால் சரியாகிவிடுகிற விஷயம் இது, பெரும்பாலும் பாசியை நிறுத்தினாலே ஏறத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. நீ சோம்பேறி இல்லை. பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை சித்தி, நான் கெட்ட தாயா என்று போன மாதம் ஒரு மெசேஜ் அனுப்பி, நான் பார்க்கவில்லை என்று நினைத்து அழித்துவிட்டாய். படித்துவிட்டேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், அந்தக் கணக்கும் என் மேல்தான். அந்த மந்தமும் இந்தச் சுரப்பியால் வரலாம். டாக்டரிடம் அதையும் சொல். உன் மாமியாரோடு சண்டை போட வேண்டாம், அவர் அத்தனை தூரம் பறந்து வந்து தினம் அடுப்பில் நிற்கிறார், கெட்டது செய்ய யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். ஆனால் வாசலில் குறுக்கே நின்றால் போனை அவரிடம் கொடு. நான் பேசிக்கொள்கிறேன். இப்போது எனக்குப் பேச வருகிறது.

வீட்டில் சொல்லும்படி வேறொன்றும் இல்லை. நாய் நாலு குட்டி போட்டது. வெட்டிய பாசியைச் சிப்பிக் கூண்டுகளில் போட்டுவிட்டார் உன் அப்பா, சிப்பித் தீனிதான் என்று அவரே சொன்னார், சிரிக்கவில்லை. உன் உடம்பில் சூடு திரும்பட்டும், உன் குரல் பழைய மாதிரி நிற்காமல் ஓடட்டும், குழந்தை பசித்து எழுந்து உன் தூக்கத்தைக் கெடுக்கட்டும், இதுதான் இப்போதைக்கு என் ஆசீர்வாதம். ஜாடியை மறக்காதே. தாளை மறக்காதே. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே போ.

உன் சித்தி,
தாக் யூரிம்

கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று முதல் பக்கத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூங்குகிற படங்களை இனி எங்களுக்கு அனுப்பாதே. இன்று அவளுக்கு ஊசி குத்தும்போது போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடி. நாளைக்கும் ஒரு தடவை, அதற்கு அடுத்த நாளும் ஒரு தடவை, எப்போது அழுதாலும் அந்தச் சத்தத்தை மட்டும் அனுப்பு. உன் அப்பா போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நானும் இந்த முறை பின்னால் நிற்காமல் அவர் பக்கத்தில் உட்காருவேன். அவள் அழுவதை எங்களுக்குக் கேட்கக் கொடு, நாரே.